பரங்கிமலையில் தொடங்கிய கோடு

சென்னையிலிருந்து வந்து தில்லியில் பயிலும் நண்பர்களுக்குப் பரங்கிமலை இன்னதென்று நான் சொல்ல வேண்டியதில்லை. தாம்பரம் செல்லும் மின்சார ரயிலில் கிண்டியைத் தாண்டியதும் வலப்புறம் தெரியும் சிறு குன்று அது. உச்சியில் மாதா கோயில் இருக்கிறது. கோயிலுக்குப் போகிறவர்களும், மீனம்பாக்கத்தில் விமானம் இறங்குவதை வேடிக்கை பார்க்கப் போகிறவர்களும் அங்கே ஒரு வெள்ளைக்காரரின் மார்பளவுச் சிலை இருப்பதைக் கண்டிருப்பார்கள். அவர் யார் என்று கேட்டவர்கள் சிலராகத்தான் இருப்பார்கள். அவர் பெயர் வில்லியம் லாம்டன். எவரெஸ்ட் என்ற பெயரை அறியாத பள்ளிப் பிள்ளை இந்தியாவில் இல்லை. அந்த எவரெஸ்ட் துரைக்கு வழிகாட்டியாக இருந்தவர் லாம்டன் என்பதை அறிந்த பட்டதாரிகளைக் காண்பதுதான் அரிது.

வரலாற்று மாணவன் அல்லாத நான் இவருடைய வரலாற்றை எழுதப் புகுந்ததற்கு ஒரு காரணம் உண்டு. நான் எம்.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டில் நிலத்தின் உயரங்களைக் கம்ப்யூட்டரில் கணக்கிடும் துறையில் பயில்கிறேன். தந்தையாரின் உத்தியோகம் மாறியதால் எட்டு வயதில் திருச்சியை விட்டுத் தில்லிக்கு வந்தவன். ஆய்வுக்கென்று ஓர் இடத்தைத் தேர்ந்துகொள்ளச் சொன்னபோது, யமுனைக் கரையை விட்டுப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை எடுத்துக்கொண்டேன். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்தச் சதுப்பு நிலத்துக்கு எந்தெந்தப் பக்கமிருந்து நீர் வந்து சேர்கிறது என்று கணிப்பதே என் வேலை.

இந்த வேலைக்கு வேண்டிய உயரக் கணக்கு ஆகாயத்திலிருந்து வந்தது. 2000 பிப்ரவரியில் எண்டவர் என்ற அமெரிக்க விண்வெளி ஓடம் பதினொரு நாள் உலகைச் சுற்றி வந்து, வடக்கே 60 பாகை முதல் தெற்கே 56 பாகை வரை நிலத்தின் உயரத்தை ரேடாரால் அளந்தது. அந்த அளவுகளை ஒரு பாகைக்கு ஒரு பாகை என்று சதுரக் கட்டங்களாக வெட்டி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் வரிசைக்கு 3601 புள்ளிகளாக 3601 வரிசைகள் உள்ளன. அடுத்தடுத்த புள்ளிகளுக்கு இடைவெளி சுமார் 30 மீட்டர். ஒரு பாகைக்கு 3600 விகலைதானே, ஒன்று கூடுதலாக ஏன் என்று கேட்கலாம். ஒரு கட்டத்தின் கடைசி வரிசையே அடுத்த கட்டத்தின் முதல் வரிசை. பங்காளிகளின் வீடுகளுக்கு நடுவே ஒரே பொதுச் சுவர் நிற்பதைப் போல, அந்த வரிசை இருவருக்கும் சொந்தம்.

30 மீட்டர்ப் புள்ளிகளை 90 மீட்டர்ப் புள்ளிகளாக மாற்ற வேண்டுமானால் மீள்மாதிரி எடுக்க வேண்டும். புதிய புள்ளி ஒவ்வொன்றுக்கும் அதைச் சுற்றியுள்ள பழைய புள்ளிகளைப் பார்த்து, அருகில் உள்ளதற்கு அதிக மதிப்பும் தள்ளி உள்ளதற்குக் குறைந்த மதிப்பும் கொடுத்துக் கணக்கிடுவார்கள். கட்டத்தின் நடுவில் இதில் சிக்கல் இல்லை. விளிம்புக்கு வந்தால்தான் தொல்லை. நாலாபுறமும் அண்டை வீட்டாரைக் கேட்க வேண்டிய இடத்தில் ஒரு பக்கம் வெறும் வெளி. நுட்பமான கணக்கு முறைகளுக்குப் பொதுச் சுவர் ஒரு வரிசை மட்டும் போதாது. அதற்கு அப்பாலும் ஓரிரு வரிசைகள் வேண்டும். அவை கையில் இல்லாதபோது கம்ப்யூட்டர் சும்மா இருப்பதில்லை. விளிம்பில் உள்ள எண்ணையே மறுபடி எழுதிக்கொள்ளும். அல்லது உள்ளே இருப்பதைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் வெளியே திருப்பிக்கொள்ளும். அல்லது வெளியே எல்லாம் சுழியம் என்று வைத்துக்கொள்ளும். கடைசிச் சொன்னது மிகக் கொடியது. மலைநாட்டின் விளிம்பில் அது கடலைக் கொண்டுவந்து வைத்துவிடும். அளவு கிடைக்காத இடத்துக்கு அடையாளமாக −32768 என்ற எண்ணைப் போட்டிருப்பார்கள். அதை உயரம் என்று எண்ணிச் சராசரியில் சேர்த்துவிட்டால் பாதாளமே திறந்துவிடும்.

13 பாகை வட அட்சரேகை சரியாகப் பரங்கிமலையின் பக்கமாகப் போகிறது. குன்று அந்தக் கோட்டுக்குச் சற்றே வடக்கே, ஒரு கட்டத்தின் அடி விளிம்பில் நிற்கிறது. பள்ளிக்கரணையும் பெரும்பாக்கமும் தெற்கே, அடுத்த கட்டத்தின் மேல் விளிம்பில் கிடக்கின்றன. எங்கள் ஆய்வுக்கூடத்தில் புதிய மாணவர்களுக்கு ஒரு வித்தையைச் செய்து காட்டுவார்கள். இரு கட்டங்களையும் தனித்தனியே மீள்மாதிரி எடுத்து, பிறகு ஒட்டி, சரிவைக் கணக்கிட்டுத் திரையில் விடுவார்கள். கிழக்கு மேற்காக, அடிக்கோல் வைத்துக் கிழித்ததுபோல் ஒரு வரப்பு தோன்றும். இயற்கை அங்கே வரப்பு எதையும் போடவில்லை. ஆனால் கணக்கில் ஓடும் நீர் அந்த வரப்பில் முட்டிப் பக்கவாட்டில் திரும்பிவிடும். ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் உயர வேறுபாடே வெள்ளத்தின் போக்கை நிச்சயிக்கும் தட்டை நிலத்தில் இது விளையாட்டல்ல. எந்தத் தெரு மூழ்கும் என்று நாளை ஒருவர் இந்தக் கணக்கைப் பார்த்துச் சொல்லப் போகிறார்.

இந்தத் தையலைப் பற்றிப் படிக்கப் போய்த்தான் லாம்டனைக் கண்டுகொண்டேன். இருநூறு ஆண்டுகளுக்கு முன் அதே பரங்கிமலையின் அடியில், அதே பெரும்பாக்கத்தை நோக்கி, விளிம்புகளைப் பொருத்தும் வேலையைச் சங்கிலியும் கையுமாகத் தொடங்கியவர் அவர்.

லாம்டன் 1750-களில் இங்கிலாந்தின் வடபகுதியில், யார்க்‌ஷயரில், எளிய குடும்பத்தில் பிறந்தார். கணிதத்தில் இருந்த திறமையால் உள்ளூர்ப் பள்ளியில் உதவிபெற்றுப் படித்தார். பிறகு பட்டாளத்தில் சேர்ந்தார். அமெரிக்கர்களின் விடுதலைப் போரில் ஆங்கிலேயர் 1781-ல் யார்க்டவுனில் தோற்றபோது சிறைப்பட்டார். அப்புறம் பல ஆண்டுகள் கனடாவில் ஒரு மூலையில் அதிகம் வேலை இல்லாத உத்தியோகம். சூரிய கிரகணத்தைக் கரிபிடித்த கண்ணாடி இல்லாமல் பார்த்ததில் ஒரு கண்ணின் பார்வை கெட்டது. மற்றவர்கள் சீட்டாடிப் பொழுது போக்கும் இடத்தில் இவர் கணித நூல்களைப் படித்துக்கொண்டிருந்தார். இந்தியாவுக்கு வந்தபோது வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. பதவியோ வெறும் லெஃப்டினன்ட். அவருடைய படைப்பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் ஆர்தர் வெல்லெஸ்லி, பிற்காலத்து வெல்லிங்டன் பிரபு.

1799-ல் திப்பு சுல்தானோடு நடந்த போரில் லாம்டனைப் பற்றி ஒரு கதை உண்டு. ஓர் இரவு ஜெனரல் பெயர்ட் படையை நடத்திக்கொண்டு போகிறார். திரும்பி வடக்கே தம் பாசறைக்கு வர வேண்டியவர், இருட்டில் தெற்கே எதிரியின் பாசறையை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறார். லாம்டன் வானத்தைப் பார்த்தார். சப்தரிஷி மண்டலம் முதுகுப் பக்கம் இருந்தது. திசை தவறிவிட்டது என்று ஜெனரலிடம் சொன்னார். ஜெனரல் எளிதில் நம்பவில்லை. பிறகே படை திரும்பியது. திப்பு அந்த ஆண்டு மே 4-ல் வீழ்ந்தார். மைசூர் கும்பெனியார் கைக்கு வந்ததும் லாம்டன் தம் திட்டத்தை முன்வைத்தார்.

அக் காலத்தில் நாட்டுப்படங்கள் இல்லாமல் இல்லை. பட்டாளம் போன வழியையும் கழித்த நாளையும் கணக்கிட்டு வரைந்த படங்களும், ஜில்லா ஜில்லாவாக எடுத்த அளவைகளும் இருந்தன. ஒவ்வொன்றும் தனக்குள் ஒழுங்காகத்தான் இருக்கும். இரண்டை அருகருகே வைத்தால்தான் விளிம்புகள் ஒட்டாது; ஓர் ஊர் இரண்டு இடத்தில் இருக்கும், ஓர் ஆறு எல்லையில் அறுந்து தொங்கும். படம் வரைபவர் தம் மனம்போல் இழுத்துப் பிடித்து ஒட்டிவிடுவார். கம்ப்யூட்டர் இன்று செய்வதை அன்று மனிதர் செய்தார், அவ்வளவே. சோழமண்டலக் கடற்கரையிலிருந்து மலையாளக் கரை வரை நாட்டின் குறுக்கே முக்கோணங்களை அடுக்கிச் சென்று, எல்லாப் படங்களும் வந்து பொருந்தும் ஒரே சட்டகத்தை முதலில் அமைக்க வேண்டும் என்றார் லாம்டன்.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. வங்காளத்தை அளந்து புகழ்பெற்ற ஜேம்ஸ் ரென்னல் லண்டனிலிருந்து முட்டுக்கட்டை போட்டார். சென்னையில் செலவுக் கணக்குப் பார்த்த ஒரு பெரிய மனிதர், ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் போக விரும்புகிறவன் பல்லக்குத் தூக்கும் தலைவனிடம் சொன்னால் போதுமே, லாம்டனின் படம் எதற்கு என்று நகையாடினார். அந்தப் பெரிய மனிதரின் வம்சம் இன்றும் பல்கலைக்கழகங்களில் நிதி ஒதுக்கும் இடங்களில் தழைத்திருக்கிறது என்பது என் எண்ணம். எப்படியோ, கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஆதரவால் அனுமதி கிடைத்தது.

கருவிகள் வந்த கதை தனிக் கதை. அளவைச் சங்கிலி சீனச் சக்கரவர்த்திக்குப் பரிசாகக் கொண்டுபோகப்பட்டு, அங்கே வேண்டாம் என்று சொல்லப்பட்டு, கல்கத்தாவில் விலைக்கு வந்தது. கோணம் அளக்கும் பெரிய தியோடலைட் அரை டன் எடை. அதைக் கொண்டுவந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர் பிடித்து மொரீஷியஸுக்குக் கொண்டுபோய்விட்டனர். பெட்டியைத் திறந்து பார்த்தவர்கள், இது விஞ்ஞானக் கருவி என்று அறிந்து, போர் நடக்கும் காலத்திலும் மரியாதையோடு சென்னைக்கு அனுப்பிவைத்தார்கள்.

1802 ஏப்ரல் 10-ஆம் நாள் அடிக்கோட்டு அளவை தொடங்கியது. நீளம் சுமார் ஏழரை மைல். நூறு அடிச் சங்கிலியை நானூறு முறை வைத்து எடுக்க வேண்டும். சங்கிலியை மண்ணில் போட்டு இழுக்கவில்லை. முக்காலிகளின் மேல் மரப் பெட்டிகளை ஒரே மட்டமாக வைத்து, அவற்றினுள்ளே கிடத்தி, பக்கத்தில் வெப்பமானிகளை வைத்தார்கள். சென்னையின் சித்திரை வெயிலில் எஃகு நீளும் அல்லவா? நூறு அடிக்கு, ஃபாரன்ஹீட் ஒரு பாகை சூடு ஏறினால் ஓர் அங்குலத்தில் நூற்றில் முக்கால் பங்கு நீளும். கேட்க அற்பமாகத் தோன்றும். நானூறு சங்கிலிக்கும் அந்த ஒரு பாகையைக் கவனிக்காமல் விட்டால் மொத்தத்தில் மூன்று அங்குலம் பிழை சேரும்.

மூன்று அங்குலம் யாருக்கு வேண்டும் என்று நானும் முதலில் எண்ணினேன். விடை பெங்களூரில் இருக்கிறது. முக்கோண அளவையில் நீளத்தை ஒரு முறைதான் அளப்பது. அதன் பிறகு கோணங்களை மட்டும் அளந்து, ஒரு முக்கோணத்தின் பக்கத்தை அடுத்த முக்கோணத்துக்கு அடியாக்கிக்கொண்டு போவது. ஒவ்வொன்றிலும் சிறு பிழை. கடைசி முக்கோணத்தின் வெளி விளிம்பில் எவ்வளவு சேர்ந்திருக்கும்? அப்பால் முக்கோணம் இல்லாததால் உள்ளே இருந்துகொண்டு அதைச் சொல்ல முடியாது. ஆகவே லாம்டன் 1804-ல் பெங்களூருக்கு அருகே சுமார் ஏழு மைல் நீளத்துக்கு மறுபடியும் சங்கிலியை எடுத்து நிலத்தையே அளந்தார். சென்னையிலிருந்து ஏறத்தாழ 180 மைல் கணக்கிலேயே வந்த நீளத்துக்கும், நேரில் அளந்த நீளத்துக்கும் இருந்த வித்தியாசம் 3.7 அங்குலம்! முக்கோணங்கள் மங்களூரை எட்டியபோது, 400 மைல் அகலம் என்று படங்களில் இருந்த தீபகற்பம் 360 மைல்தான் என்று தெரிந்தது. நாற்பது மைல் நிலம் காகிதத்தில் மட்டுமே இருந்தது.

அடுத்து அவர் தெற்கே திரும்பினார். காவிரிக் கழிமுகத்தில் மலை இல்லை. தென்னையும் பனையும் பார்வையை மறைக்கும். ஆகவே கோயில் கோபுரங்களையே குன்றுகளாகக் கொண்டார். 1808-ல் தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தின் மேல் அந்த அரை டன் கருவியைக் கயிறு கட்டி ஏற்றினார்கள். கயிறு அறுந்தது. கருவி இராசராசன் எழுப்பிய கல்லில் மோதி, கோணம் காட்டும் வட்டம் நசுங்கியது. வேறொருவராயிருந்தால் லண்டனுக்குக் கடிதம் எழுதிவிட்டு இரண்டு ஆண்டு காத்திருப்பார். லாம்டன் கூடாரத்தினுள்ளே அமர்ந்து, கைவினைஞர் சிலரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, ஆறு வாரம் ஆப்பும் திருகும் கொண்டு அந்த வட்டத்தைச் சிறிது சிறிதாக இழுத்துப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார். அவர் வாழ்க்கையில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான்.

பிறகு பாளையங்கோட்டைக்கு அருகே இன்னொரு அடிக்கோடு. கன்னியாகுமரிப் பக்கம் வரை முக்கோணங்கள். ஈண்டு ஒன்றைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. கட்டபொம்மன் 1799-லும் மருது சகோதரர்கள் 1801-லும் தூக்கிலிடப்பட்ட மண் அது. பத்தாண்டுகூட ஆகாத நிலையில், தூரத்தில் இருப்பதை அருகில் காட்டும் கண்ணாடியோடு ஒரு வெள்ளைக்காரர் மலைமேல் ஏறினால் மக்கள் ஐயுற்றதில் வியப்பில்லை. கும்பெனியார் பணம் கொடுத்தது விஞ்ஞானத்தின் மீது கொண்ட காதலாலா? வரி விதிக்கவும் படை நடத்தவும் படம் வேண்டும். லாம்டனுக்கோ பூமி உருண்டை எவ்வளவு தட்டையாயிருக்கிறது என்று அறிவதே பெரிய ஆசை. இரண்டும் ஒரே சங்கிலியில் கோக்கப்பட்டிருந்தன.

சங்கிலி பிடித்தவர், கொடி பிடித்தவர், மரம் வெட்டிப் பார்வைக்கு வழி செய்தவர், கருவியைத் தோளில் சுமந்தவர் எல்லாரும் நம்மவர். சென்னை அளவைப் பள்ளியில் பயின்ற யூரேசிய இளைஞரான ஜோஷுவா டி பென்னிங்கின் பெயராவது வரலாற்றில் நின்றது. 1819-ல் கிருஷ்ணா, கோதாவரி நதிகளுக்கு இடைப்பட்ட காடுகளில் காய்ச்சல் கண்டு மாண்ட கலாசிகளின் பெயர்களை நான் எந்த நூலிலும் காணவில்லை. கூட்டம் கூட்டமாக விழுந்தார்கள் என்ற அளவில்தான் அவர்கள் இடம்பெறுகிறார்கள்.

வடக்கே கூத்தி, பிறகு பீதர் என்று இருபது ஆண்டு இந்த வேலை நடந்தது. சில நூறு மைலுக்கு ஒரு முறை நின்று, நிலத்தை மறுபடி அளந்து, கணக்கைச் சரிபார்த்து, பிறகே அடுத்த அடி. அவர் காலத்தில் அளந்து முடித்த பரப்பு 1,65,000 சதுர மைலுக்கு மேல். 1818-ல் அந்த வேலை இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவை என்ற பெயர் பெற்றுக் கவர்னர் ஜெனரலின் நேர்ப் பார்வைக்கு வந்தது. அவ்வாண்டே ஜார்ஜ் எவரெஸ்ட் உதவியாளராக வந்து சேர்ந்தார்.

எங்கள் ஆய்வுக்கூடத்து வரப்புக்கு மருந்தும் ஏறத்தாழ இதுவே. விளிம்புக்கு அப்பால் என்ன இருக்கும் என்று ஊகிக்கக் கூடாது. போய்ப் பார்க்க வேண்டும். தெற்குக் கட்டத்தை மீள்மாதிரி எடுக்குமுன் வடக்குக் கட்டத்திலிருந்து சில வரிசைகளைக் கடன் வாங்கி மேலே சேர்த்துக்கொண்டு, கணக்கை முடித்த பின் அந்தக் கடனை வெட்டி எறிந்துவிட்டால் தையல் தெரியாது. இரண்டையும் முதலிலேயே ஒட்டி ஒரே பரப்பாக்கிக் கணக்கிட்டாலும் சரியே. உலகப் படத்துக்கும் இது பொருந்தும். படத்தின் வலக்கோடியும் இடக்கோடியும் காகிதத்தில்தான் விளிம்பு. பசிபிக் கடலில் 180 பாகைத் தீர்க்கரேகை இரண்டுக்கும் ஒன்றே. வலக்கோடிப் புள்ளிக்கு அண்டை வீடு இடக்கோடியில் இருக்கிறது. துருவத்தில் இன்னும் வேடிக்கை: மேல் வரிசை முழுவதும் ஒரே புள்ளி, அதைத் தாண்டினால் உலகத்தின் மறுபக்கத்து வரிசை. உருண்டையைத் தட்டையாக்கியதால் வந்த விளிம்பை உருண்டையாக நினைத்தால் காண முடியாது. கடற்கரையில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். அங்கே வெளியே உள்ள சுழியம் உண்மையாகவே கடல். அளவு இல்லாத இடமன்று. இரண்டையும் வேறுபடுத்திக் குறித்து வைக்காவிட்டால் எந்த முறையும் உதவாது.

லாம்டனுக்குப் பின் பொறுப்பேற்ற எவரெஸ்ட் கோட்டை வடக்கே கொண்டுபோனார். கங்கைச் சமவெளியில் குன்றும் இல்லை, தஞ்சையைப் போல் கோபுரமும் இல்லை. ஆகவே கோபுரங்களையே புதிதாகக் கட்டினார். தில்லியில் இந்துராவ் மருத்துவமனை வளாகத்தில் இருக்கும் பீர் காயிப் என்ற துக்ளக் காலத்துக் கட்டடமும் இந்த அளவைக்கு ஒரு நிலையமாகப் பயன்பட்டது. பார்க்காதவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கலாம். கன்னியாகுமரியிலிருந்து 21 பாகைக்கு மேல் நீண்ட அந்த வில் 1841-ல் டேராடூன் பக்கம் முடிந்தது. 1865-ல் உலகின் உயர்ந்த சிகரத்துக்கு எவரெஸ்டின் பெயர் வைத்தார்கள். கோட்டின் தென்பாதியை இழுத்தவருக்கு மலையும் இல்லை, மடுவும் இல்லை.

முதுமையிலும் லாம்டன் ஓய்வு பெறவில்லை. எழுபது வயதை ஒட்டிய காலத்தில், இருமலோடு, தலைமை இடத்தை ஐதராபாத்திலிருந்து நாகபுரிக்கு மாற்றிக்கொண்டு போகும் வழியில், 1823 ஜனவரி 20-ஆம் நாள் ஹிங்கன்காட் என்ற ஊரில் கூடாரத்தில் காலமானார். அங்கேயே அடக்கம் செய்தார்கள். விடுமுறைக்கு நாம் சென்னைக்குப் போகும் ரயில் பாதை அந்த ஊர் வழியாகத்தான் செல்கிறது. நாகபுரியையும் சேவாகிராமையும் தாண்டி, பல்லார்ஷா வருமுன் வரும் நிலையம் அது.